டோக்கியோ மணி

கந்தப்பு கிராணியார் என் மோட்டார் சைக்கிளில் ஏறிய அழகை ஒருவர் விடாமல் பார்த்திருக்க வேண்டும். சைடு காருக்குள் முதலில் கைக்குட்டையை விரித்தார். அதன்மேல் பழைய செய்தித்தாளை விரித்தார். வெள்ளைக் கோட்டின் வாலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுடுதண்ணீரில் இறங்குகிறவரைப் போல மெல்ல உட்கார்ந்தார். கழுத்தில் டை வேறு. பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் கோணிச் சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டு திரிந்த ஜப்பான்காரன் ஆண்ட நாற்பத்து மூன்றாம் வருஷம் அது. இவருக்கு டை கேட்கிறது.

"ஆறுதலாய்ப் போவம், தம்பி. அவசரம் ஒண்டும் இல்லை" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிதானமாக என்பதற்குப் பதில் ஆறுதலாய் என்பார்கள். அன்று முழுக்க அந்தச் சொல்லைத்தான் அவர் நூறு தடவை சொன்னார்.

நான் ஜெய்னுதீன். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன். இந்த வண்டி ஒரு வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது என் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனது. ஜப்பான்காரன் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, ஆபீஸ் வேலைக்குக் கூப்பிடும்போது ஓட்டி வரவேண்டும் என்று சொல்லி என்னிடமே விட்டு வைத்தான். பெட்ரோல் கிடையாது. ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய்தான். அதை ஊற்றினால் வண்டி கிழவன் இருமுவதைப் போல இருமும், பின்னால் கரும்புகை வரும். போதாததற்குப் புகைக்குழாய் ஓட்டையாகி, அதன்மேல் ஒரு பால் டின் தகரத்தைச் சுற்றி ஒட்டியிருந்தது. ஒட்டியவன் வேலாயுதம். என்னிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். அரிசிக்கு வழியில்லாமல் போனதும் பெண்டாட்டி புஷ்பவல்லியோடு மோரிப் பக்கத்துத் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டான். அவன் ஒட்டிய தகரம் வண்டி ஓடும்போது கடகடவென்று ஆடும். ஒரு மைலுக்கு அப்பாலேயே என் வண்டி என்று தெரிந்துவிடும்.

கந்தப்பு யார் என்று கேட்டால், வெள்ளைக்காரன் காலத்தில் அவனுக்கு குட்மார்னிங் சொன்னவர், ஜப்பான்காரன் வந்த மறுவாரமே இவனுக்கு ஒஹாயோ சொல்லக் கற்றுக்கொண்டவர். தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சயாமில் ரயில் பாதை போட அனுப்புகிற ஆபீஸில் அவர் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். போன மாதம் மேருவில் ஒரு தோட்டத்துக்கு இப்படித்தான் ஒரு காகிதம் போனது. காகிதத்துக்குப் பின்னாலேயே லோரி போனது. முப்பது பேர் ஏறினார்கள். ஒருவனிடமிருந்தும் இதுவரை ஒரு சேதி இல்லை. அந்தக் காகிதத்தை டைப் அடித்த கை இந்தக் கைதான்.

அன்று காலையில் என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான். மோரிப் தோட்டத்துக்கு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும். அதிகாரி காலையில்தான் கையெழுத்துப் போட்டான். நாலு மணிக்கு அங்கே லோரி வரும், அதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். புறப்பட்டபோது ஆபீஸ் கடிகாரத்தில் பத்து மணி. நாலுக்கு இன்னும் ஆறு மணி நேரம் கிடக்கிறது, கடற்காற்றும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். எவன் வீட்டிலோ இழவு விழப்போகிறது, இவருக்குக் கடற்காற்று.

பத்துத் திகா தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். வாயைப் பிளந்துகொண்டு, தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு ராணுவ லோரி வரிசைக்காக அரை மணிக்கு மேல் ஓரத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதுகூட அவருக்குத் தெரியாது. கிள்ளான் பாலத்தில் காவல்காரச் சிப்பாய் அதட்டிய அதட்டலில்தான் விழித்தார். விழித்த வேகத்தில் சைடு காரிலிருந்து குதித்து, இடுப்பு ஒடிய மூன்று முறை குனிந்தார். ஒருமுறை போதும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கழுத்தை மட்டும் வளைத்தேன், அதற்கு ஓர் அறை வாங்கினேன். கன்னம் எரிந்தாலும் என்னைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, கோட்டுக் கையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டுக்கொண்டார். அந்தப் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. அவருடைய கைக்கடிகாரத்தை முதல் வாரமே ஒரு சிப்பாய் கழற்றிக்கொண்டு போய்விட்டான். வெறும் கை தெரிந்தால் கௌரவம் போய்விடும் என்று அந்த வெயிலிலும் கோட்டு.

கிள்ளானில் அப்துல் ரஹ்மான் காக்காவின் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன். சோற்றுக் கடைதான், சோறுதான் கிடையாது. அவித்த மரவள்ளிக்கிழங்கும், சோளத்தைக் கருக்கிப் பொடித்த காப்பியும் தந்தார். கந்தப்பு கொல்லைப்பக்கம் போனார். பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார், தன்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள்தானே என்ற நினைப்பு.

நான் பையைத் திறந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஸ்பார்க் பிளக்கிலும் எண்ணெய் டின்னிலும் இருக்கிற பெரிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டத் தெரியும். மேலே நாலு வரி இங்கிலீஷ், பக்கத்தில் ஜப்பான் எழுத்து, சிவப்பு முத்திரை. கீழே பன்னிரண்டு பெயர்கள். நாலு வரியை விட்டுவிட்டேன். பெயர்களை எழுத்துக் கூட்டினேன். முதல் பெயரே வேலாயுதம், தகப்பன் பெயர் முனியாண்டி.

என் கொட்டகைக்கு வந்து, அவன் கையால் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்த மனுஷன் இந்தக் கந்தப்பு. அவன் பெயரையே முதலில் அடித்திருக்கிறார். காகிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். கிழித்தால் என் கழுத்து போகும், நாளைக்கு வேறு காகிதம் வரும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காகிதம் நாலு மணிக்குள் போனால்தானே லோரியில் ஏற்றுவான். காகிதம் வராவிட்டால் லோரி சும்மா திரும்பும். சாயங்காலம் நான் வேலாயுதத்தைப் பார்த்து, காட்டுக்குள் ஓடிவிடு என்று காதில் போட்டுவிடலாம்.

அதற்கு என் இடுப்பிலேயே வழி இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் நாட்டிலுள்ள கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டான். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி. மறுத்தால் அடி. எல்லோரும் தள்ளிக்கொண்டார்கள், கந்தப்பு முதல் ஆளாகத் தள்ளியிருப்பார். நான் தள்ளவில்லை. பச்சை பெல்ட்டின் பைக்குள் இருந்த என் கடிகாரம் பழைய நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களைவிட எனக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று நானே தடவிப் பார்த்துக்கொள்கிற இடம் அது.

கொல்லையிலிருந்து வந்தவர் கைகழுவிக்கொண்டே நேரம் கேட்டார். கடையிலும் கடிகாரம் இல்லை. சிப்பாய் எடுத்துப் போன இடத்தில் சுவரில் வட்டமாக வெளுத்த அடையாளம் மட்டும் இருந்தது. டோக்கியோ கணக்கில் அப்போது பன்னிரண்டரை. நான் பெல்ட்டுக்குள் பார்த்துவிட்டுப் பதினொன்று என்றேன்.

"ஒரு மணித்தியாலத்திலை கிள்ளானுக்கு வந்திட்டீரோ? கெட்டிக்காரன்" என்றார். என்னைத் தட்டிக்கொடுத்தார். மடையன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். காப்பி என்று காக்கா ஊற்றிய கருக்கல் தண்ணீரை அவர் ருசித்துக் குடிப்பதைப் பார்த்தபடி நின்றேன்.

அதற்குப் பிறகு நான் ஓட்டியது போல யாரும் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார்கள். நடந்து போகிற மலாய்க்காரப் பெண்கள் எங்களை முந்தினார்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் காடு. வலது பக்கம் கடலைப் பார்க்க உப்புத் தண்ணீர்ச் சதுப்பு, வேர்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மரங்கள். இடது பக்கம் கறுப்புத் தண்ணீர் தேங்கிய காடு. மரத்துக்கு மரம் குரங்குகள். கந்தப்பு குரங்கைக் கண்டால் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். சேற்றில் துள்ளுகிற மீனைக் கண்டால் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டார், இறக்கி விட்டேன். இருபத்தைந்து வருஷம் இந்த நாட்டில் இருந்தும் சேற்று மீனைப் பார்த்ததில்லையாம். எப்படிப் பார்ப்பார்? கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தே காலம் கழித்தவர். தலைக்கு மேலே சூரியன் எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்க்கக்கூடத் தெரியாது. நான் சொன்ன மணிதான் அவருக்கு வேதம்.

தெலுக் பங்லிமா காராங்கில் இளநீர் குடிக்கலாமா என்று நானே ஆசை காட்டினேன். பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து கம்பத்துக்காரர் ஒருவர் மரமேறிப் பறித்துத் தந்தார். கோட்டில் ஒரு சொட்டு விழாமல் குடிப்பதற்கு அவர் பட்டபாட்டைப் பார்த்துக் கம்பத்துப் பிள்ளைகள் சிரித்தன. நேரம் கேட்டார். பன்னிரண்டே கால் என்றேன். இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டார். தன் மனைவி இராசேஸ்வரிக்குக் கடல் என்றால் உயிர், காங்கேசன்துறையில் பிறந்தவள், அவளையும் கூட்டி வந்திருக்கலாம் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் போட்டேன். புஷ்பவல்லியைத் தாலி அறுக்க வைக்கப் போகிற காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் பெண்டாட்டிக்குக் கடல் காட்ட ஆசைப்படுகிறார்.

பந்திங் தாண்டி மோரிப் கடற்கரைக்குப் போனபோது டோக்கியோ கணக்கில் மூன்று. நான் ஒன்றரை என்றேன். சவுக்கு மரங்களுக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். தோட்டம் அங்கிருந்து ஒரு மைல் உள்ளே. அவர் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை அதற்குள் மடித்து வைத்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் போய் நின்றார். டையோடு. அரை மணி நேரம் அப்படியே நின்றார். பிறகு வந்து, சரி போவோம், முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நல்லது என்றார்.

நான் வண்டியை உதைத்தேன், வேண்டுமென்றே மூச்சுத் திணற விட்டு நிறுத்தினேன். ரப்பர் எண்ணெய் பிளக்கில் கரியாகப் படிந்துவிட்டது, கழற்றிச் சுரண்ட வேண்டும் என்றேன். உண்மையிலேயே அந்த எண்ணெய் அப்படிச் செய்யும் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நேரம் கேட்டார். இரண்டு என்றேன்.

"அப்ப இரண்டு மணித்தியாலம் கிடக்குது. ஆறுதலாய்ச் செய்யும்" என்று மணலில் உட்கார்ந்தார்.

செய்தேன். பிளக்கைக் கழற்றினேன், மாட்டினேன். கார்புரேட்டரைப் பிரித்து மணலில் பரப்பினேன். இடையிடையே வண்டியை உதைத்து, முழு வேகத்துக்கு முறுக்கி, தகரம் அதிர அதிர உறும விட்டு அணைத்தேன். பிழைப்புக்காக இவ்வளவு ஒழுங்காக நான் எந்த வண்டியையும் பழுது பார்த்ததில்லை. டோக்கியோ மணி நாலு ஆனபோது தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டேன். நாலே முக்கால்வரை இழுத்தேன். மூன்றே கால் என்று சொல்லி அவரை ஏற்றினேன்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயங்களின் முன்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அடுப்பிலும் புகை இல்லை. காலையில் பெயர் கூப்பிட ஆள் நிறுத்துகிற பெரட்டு மைதானத்தில் லோரிச் சக்கரம் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. ஆபீஸ் வாசலில் தோட்டத்துச் சின்னக் கிராணி எழுந்து வந்தார். கந்தப்பு பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிப் படித்தார். முகம் செத்துவிட்டது.

"இப்ப கொண்டுவந்து என்னங்கய்யா செய்யிறது. நாலு மணிக்கே லோரி வந்து, லயத்துல இருந்த ஆம்பளைங்கள எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிருச்சே. இந்தப் பன்னண்டு பேர்ல ஏழு பேரு அதுல போயிட்டாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. காகிதம் வராமல் எப்படி ஏற்றினான் என்று கேட்டேன். சின்னக் கிராணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அந்த நாலு வரியையும் தமிழில் சொன்னார். இந்தத் தோட்டத்தில் ரப்பர் எண்ணெய் காய்ச்சும் எந்திரம் வைக்கப் போகிறார்கள். கீழே கண்ட பன்னிரண்டு பேரும் எந்திர வேலை தெரிந்தவர்கள். இவர்களைச் சயாமுக்கு அனுப்பக் கூடாது, தோட்டத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கந்தப்பு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை விரிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் எந்திரத்தைக் கண்ணால் கண்டவன் வேலாயுதம் ஒருவன்தான் என்று அவர் மெல்லிய குரலில் சொன்னார். மற்றவர்கள் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், பிள்ளைகுட்டி அதிகமானவர்களாகப் பார்த்து அவராகப் பொறுக்கியது. ஒரு மாதமாக அதிகாரியின் பின்னால் அலைந்து கையெழுத்து வாங்கியிருக்கிறார். விஷயம் வெளியே கசிந்தால் தலை போகும் என்று என்னிடம் மூச்சு விடவில்லை.

பிறகு அவர் தலையை நிமிர்த்தி ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து அடித்து இரண்டு நிமிஷம். அங்கிருந்து என் பச்சை பெல்ட்டுக்குக் கண் வந்தது. அவர் மனசில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் என்ற எண் அவர் முகத்தில் வந்து நின்றதையும் பார்த்தேன். சத்தம் போடுவார், சிப்பாயைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது புஷ்பவல்லி லயத்திலிருந்து ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் நின்று, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"லோரி வருதுன்னதும் பாதிப் பேரு சதுப்புக்குள்ள ஓடிட்டாங்கண்ணே. இவரும் ஓடத்தான் கெளம்புனாரு. அப்ப கடக்கரைப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டுச்சு. 'நில்லுடி, அது நம்ம மோட்டாரு, நான் ஒட்டுன தகரம் ஆடுது, அண்ணன் எனக்காகத்தான் வர்றாரு'ன்னு சொல்லிட்டு, ஓடாம அப்புடியே நின்னாரு. லோரியில ஏத்தும்போதுகூட ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஏண்ணே இவ்ளோ நேரமாச்சு?"

கந்தப்புதான் எழுந்து நின்று பதில் சொன்னார்.

"மோட்டார் பழுதாய்ப் போச்சு, பிள்ளை. தம்பி எவ்வளவோ பாடுபட்டவர். அவரிலை பிழை இல்லை."

அவள் என் கைகளைப் பார்த்தாள். கரியும் எண்ணெயுமாக இருந்தன. நம்பிவிட்டாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. இந்த மனுஷன் யார் என்னை மன்னிக்க? குனிந்து கும்பிடுகிறவர், டை கட்டிக்கொண்டு கடலில் நிற்கிறவர், இவர் போட்ட பொய்க்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள வேண்டுமா? ஆனால் ஒளிந்துகொண்டேன். வழியில் பசிக்கும் என்று அவள் வாழையிலையில் கொஞ்சம் அவித்த மரவள்ளிக்கிழங்கு கட்டித் தந்தாள். அவனுக்காக அவித்து வைத்திருந்ததாம்.

திரும்பும்போது கந்தப்பு தூங்கவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை. தெலுக் பங்லிமா காராங் தாண்டியதும் ஒரேயொரு தடவை பேசினார்.

"என்னை உமக்குப் பிடிக்காது எண்டு எனக்குத் தெரியும். ஒரு சொல் கேட்டிருக்கலாம், தம்பி."

நீரும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவர் ஆமென்று ஒத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

கிள்ளான் பாலத்துக்கு முன்னால் வண்டி நிஜமாகவே நின்றுவிட்டது. பிளக்கில் கரி. இறங்கிக் கழற்றினேன். அவர் சைடு காரிலிருந்து அந்த இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பாதியை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"தின்னும். அந்தப் பிள்ளை உமக்கெண்டு தந்தது" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். கிழங்கு ஆறிக் கெட்டியாகியிருந்தது, உப்பும் போடவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதையோரத்தில் நின்றபடி முழுவதையும் தின்று முடித்தேன்.